வெற்று அளவு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் கடைவாய்ப்பல் வலி எப்படி இருக்கிறது? பல் டாக்டரைப் பார்க்கப் பயப்படுகிறவன் பெரிய லேசரைக் கட்டி மேய்க்கிறான் என்று அத்தான் சிரிக்கிறார். போனில் சொன்னால் மூன்று நிமிடத்தில் மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தலைமை ஆய்வாளர் ஆறு மாதம் கருவியை உன் கையில் விட்டிருக்கிறார் என்றாய். என் கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பிறகு "நீ சொல்லவே இல்லை" என்று என் தலையில் போடுவாய் என்பதால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பெரிய லேசர் வாயுவில் பாயும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வருகின்றன. லேசர் எந்தக் கோட்டில் அதிர்கிறதோ அந்தக் கோட்டில்தான் அவை பெரும்பாலும் ஓடும். குறுக்கே போவது குறைவு. அதனால் அந்தப் பிளாஸ்மா ஒரு திசையில் மட்டும் அதிகச் சூடாக இருக்கும். உடனே அதனுள் ஒரு சின்ன லேசரை, அதே கோட்டில் அதிரும்படி, அனுப்பு. அது இளைத்து வராது, கொழுத்து வரும். எலக்ட்ரான்கள் மோதிக் கலைந்து எல்லாப் பக்கமும் ஒரே சூடாகும்வரைதான் இந்தக் கூத்து. கண் சிமிட்டும் நேரத்தைப் பத்தாயிரம் கோடிப் பங்கு போட்டால் அதில் நாலைந்து பங்கு.

ஒன்பது வருடம் முன்னால் வாய்மொழித் தேர்வில் சோடாபுட்டிப் பேராசிரியர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பிளாஸ்மா வெளிச்சத்தத் திங்கும்மா, கக்காது. அந்த அத்தியாயத்த எடுத்துடுங்க, பட்டம் குடுத்துடுறோம்." எடுக்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். அன்றிலிருந்து பாலிடெக்னிக்கில் ஓம் விதி நடத்துகிறேன். இப்போது அவருடைய நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள். பட்டம் இல்லாவிட்டாலும் சோதனை முடிவு ஒன்றைக் காட்டினால் போதுமாம். நேர்முகம் மே மாதம். எனக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது.

இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பல் மட்டும் நலமில்லை. கிராம்பு வைத்துக் காலம் தள்ளுகிறேன். அத்தானுக்கும் உன் பெண் வாலுவுக்கும் என் விசாரிப்பு.

நூற்று மூன்று!

இனி ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் கலம் பெரிய குக்கர் அளவு எஃகுப் பாத்திரம். ஒளி உள்ளே போகும் பக்கம் கட்டைவிரல் கனத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். பழைய கண்ணாடி லேசர் பட்டுப் புண்ணாகிவிட்டதால் நானே புதிதாக மாட்டினேன். பன்னிரண்டு போல்ட்டையும் கடிகாரம் சுற்றுகிற வழியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கை நோகும்வரை முறுக்கினேன். ஒரு துளிக் கசிவு இல்லை. பம்ப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர், அவரையே நாங்கள் பம்ப்பு என்றுதான் கூப்பிடுவோம், பாராட்டிவிட்டார். அவர் பாராட்டுவது அபூர்வம்.

காலையில் கலத்தைக் காலி செய்து, பெரிய லேசர் சூடாவதற்குள், சின்ன ஒளியை மட்டும் அனுப்பி அளப்போம். அதுதான் அன்றைக்கு நூறு. பிறகு செனான் வாயு. அது மூன்று மாதத்துக்கு ஒரு சிலிண்டர்தான் வரும். உள்ளே விட்டால் அரைமணியில் அழுக்காகிவிடும். அதனால் விட்ட உடனே பெரிய லேசரைச் சுட்டு, பின்னாலேயே சின்னதை அனுப்புவோம். கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வடிகட்டி இருக்கிறது. நம் கோட்டில் அதிரும் ஒளியை மட்டும் விடும். அதற்குப் பின்னால் மீட்டர்.

மீட்டரில் நூற்று மூன்று. இருபது தடவை சுட்டோம், இருபது தடவையும் அப்படியே. பம்ப்பு எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, போட்டதுக்கு மேல வருது? உங்க அக்கா வட்டிக்கு விடுறாங்களா?" என்றார். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு, கன்னம் நிறைய வலி.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோருக்கும் சுகம். உன் கடிதம் வந்தபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த பத்துப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கொஞ்சம் தாராளமாகப் போயிருக்கும். அத்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கடிதத்தை இரண்டு தடவை படித்தார். புரிந்ததா என்றேன். "நூத்தி மூணு நூற விடப் பெருசுன்னு புரிஞ்சது. அது போதாதா?" என்றார். வாலு, மாமா ஜெயித்துவிட்டாரா என்று கேட்டாள். அப்படித்தான் தெரிகிறது என்றேன்.

இரண்டு காரியம் செய். முதலாவது, சின்ன ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்து அனுப்பி அளந்து பார். பிளாஸ்மா கலையக் கலைய எண் இறங்க வேண்டும்.

இரண்டாவது, வெற்று அளவு. வாயு உள்ளே இருக்கட்டும், பெரிய லேசர் வேண்டாம், சின்ன ஒளியை மட்டும் அனுப்பு. நூறு வர வேண்டும். நீங்கள் காலையில் எடுப்பது காலிக் கலத்தின் நூறு. அது வேறு வீட்டு நூறு. இந்த வீட்டு நூறு எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். வாயு வீணாகும்தான். அக்காவுக்காக அரைமணி வாயு.

பல்லைப் பிடுங்கிவிடு. கிராம்பு வைத்தியம் பல்லுக்கு இல்லை, உன் பயத்துக்கு.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அத்தானின் முதுகு வலி தேவலையா?

நீ கேட்ட தாமத அளவுகளை எடுத்துவிட்டேன். தொடக்கத்தில் 103. அடுத்து 102.5. அடுத்து 102.1. பிறகு 102, 102, 102. நீ சொன்னபடியே இறங்குகிறது பார்.

பல் டாக்டரிடம் போனேன். வாசலில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் பதினைந்தாவது ஆளாக இருக்க விரும்பவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இப்போது இடது பக்கமே மெல்வதில்லை. பழகிவிட்டது.

என் அறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி கசிகிறது. சுவரில் ஈரம் ஒரு ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. வீட்டுக்காரர் தினமும் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போகிறார்.

வெற்று அளவு இந்த வாரம் எடுத்துவிடுகிறேன்.

தம்பி


மார்ச் 19

அன்புள்ள தம்பி,

நலம். அத்தான் நிமிர்ந்து நடக்கிறார்.

உன் எண்களைச் சுவரில் ஒட்டிவைத்து மூன்று நாளாகப் பார்க்கிறேன். இறங்குவது சரி. எங்கே போய் நிற்கிறது என்பதுதான் சரியில்லை. கலைந்துபோய் எல்லாத் திசையிலும் ஒரே சூடான பிளாஸ்மா வெளிச்சத்தைத் தின்றுதான் ஆகவேண்டும். சோடாபுட்டியோடு எனக்கு அதில் சண்டையே இல்லை. ஆகவே எண் நூற்றுக்குக் கீழே வந்தே தீர வேண்டும். உன் எண்களோ நூற்று இரண்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன.

வெற்று அளவு என்ன ஆயிற்று?

பல் என்ன ஆயிற்று?

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வாலுவின் பரீட்சை எப்படிப் போயிற்று? கணக்கில் அவள் உன்னை மாதிரியா, அத்தானை மாதிரியா?

தொட்டியை ஒருவழியாக மாற்றினார்கள். பழையதைக் கீழே இறக்கும்போது மாடிப்படியில் சிக்கிக்கொண்டது. அடியை அறுத்துவிட்டு, இரண்டு நாள் நாங்கள் எல்லோரும் தொட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துதான் வேலைக்குப் போனோம். பம்ப்பு என்னைப் பார்க்க வந்தவர், கசிவு இருக்கிறதா என்று உள்ளே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

பெரிய லேசரின் விளக்கு போய்விட்டது. புதிது வர நாளாகும். அதனால் இப்போது எந்த அளவும் எடுக்க முடியவில்லை.

கிராம்பு தீர்ந்துவிட்டது. ஏலக்காய் வைத்துப் பார்த்தேன். பலனில்லை, வாய் மட்டும் மணக்கிறது.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பி,

எல்லோரும் நலம். வாலு கணக்கில் அவளை மாதிரியே இருக்கிறாள். விடை சரி, வழி யாருக்கும் தெரியாது.

நேர்முகக் கடிதம் வந்துவிட்டது. மே 22, காலை பத்தரை. நாற்பது நிமிடம் பேச வேண்டும், பிறகு கேள்விகள். குழுவில் ஐந்து பேர். சோடாபுட்டிதான் தலைவர். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு போர்வைக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு, அப்படியே துணியையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

நூற்று மூன்று வரும் வரைபடத்தை நல்ல தாளில், கறுப்பு மையில் வரைந்து அனுப்பு. எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஐந்து பேரில் நாலு பேருக்குக் கண் சரியில்லை.

ஏலக்காயை டீயில் போடு. டாக்டரிடம் போ.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வரைபடம் இத்துடன் இருக்கிறது. சுருட்டாமல் அட்டைக்கு நடுவே வைத்திருக்கிறேன். எழுத்துகள் சுண்டுவிரல் நக அளவு.

வேறு ஏதாவது வேண்டுமா? எது வேண்டுமானாலும் கேள். நீ என்ன கேட்டாலும் அதே நாளில் பதில் எழுதுகிறேன்.

தம்பி


மே 5

அன்புள்ள தம்பி,

நலம். வரைபடம் மடங்காமல் வந்தது. அழகாக இருக்கிறது. அத்தான் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறார்.

வேறு எதுவும் வேண்டாம். இருப்பதே போதும்.

புதுச் செருப்பு வாங்கினேன். கடிக்கிறது. 22-ஆம் தேதிக்குள் பழகிவிடும். பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிக்கிறேன். வாலு கை கட்டிக்கொண்டு குழுவாக உட்கார்ந்து கேட்கிறாள்.

பல்?

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லை நேற்றுப் பிடுங்கியாகிவிட்டது. பஞ்சு வைத்த வாயோடு எழுதுகிறேன். பேச வேண்டியிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

வெற்று அளவை நான் மார்ச் 4-ஆம் தேதியே எடுத்துவிட்டேன். "இந்த வாரம் எடுக்கிறேன்" என்று உனக்கு எழுதும்போது அது என் நோட்டில் ஆறு நாள் பழையது. வாயு உள்ளே, பெரிய லேசர் இல்லை, சின்ன ஒளி மட்டும். நூற்று ஐந்து.

திரும்பப் படி அக்கா. பெரிய லேசரே இல்லாமல் நூற்று ஐந்து. பிளாஸ்மா வந்த பிறகு நூற்று மூன்று. சின்ன ஒளி கொழுக்கவில்லை. இரண்டு இளைத்திருக்கிறது.

காரணம் நான் மாட்டிய ஜன்னல். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியிருக்க வேண்டும். நான் வரிசையாக முறுக்கியதில் கண்ணாடி ஒருபக்கமாக இறுகிப்போயிற்று. கலம் காலியாக இருக்கும்போது வெளிக்காற்றும் சேர்ந்து அதை அமுக்குகிறது. அப்படி இறுகிய கண்ணாடிக்குள் போகும் ஒளியின் கோடு சற்றுத் திரும்பிவிடும். திரும்பிய பங்கை வடிகட்டி விடாது. அந்தக் குறைந்த அளவைத்தான் தினமும் காலையில் நூறு என்று எழுதினோம். வாயு விட்டதும் உள்ளிருந்து கொஞ்சம் அழுத்தம் கிடைத்துக் கண்ணாடி நிமிர்கிறது, எண் ஏறுகிறது. இதில் உன் பிளாஸ்மாவுக்கு ஒரு பங்கும் இல்லை.

முதலில் உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. பிறகு, எப்படியும் நீ விடமாட்டாய், இன்னொரு தடவை கேட்பாய், அப்போது சொல்லலாம் என்றிருந்தேன். பெரிய லேசரின் விளக்கு போனதால் அளவு எடுக்க முடியவில்லை என்று எழுதினேன். வெற்று அளவுக்குப் பெரிய லேசரே வேண்டாம் என்பது உனக்குத் தெரியாதா? உடனே பிடித்துவிடுவாய் என்று நினைத்துத்தான் எழுதினேன். நீ வரைபடம் கேட்டாய். எது வேண்டுமானாலும் கேள் என்றேன். எதுவும் வேண்டாம் என்றாய். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அக்கா, நீ ஏன் கேட்பதை நிறுத்தினாய்?

தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். பல் இருந்த இடம் ஆறியதா? ஒரு வாரம் சூடாக எதுவும் குடிக்காதே.

உன் கடிதம் 18-ஆம் தேதி வந்தது. உன் கேள்விக்குப் பதில் இதுதான். நூற்று இரண்டில் உட்கார்ந்த அந்த எண்களைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன கோளாறு என்று தெரியாது, கோளாறு என்று தெரியும். மார்ச்சில் இன்னும் கேட்கும் தைரியம் இருந்தது. நேர்முகக் கடிதம் வந்ததும் போய்விட்டது. கேட்டால் நீ சொல்லிவிடுவாய். அதனால்தான் கேட்கவில்லை. நீ மறைத்தாய் என்று உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. பெரிய தப்பு என்னுடையது. நான் அக்கா.

22-ஆம் தேதி போனேன். உன் கடிதம் பையில் இருந்தது. என்ன செய்யப்போகிறேன் என்று அறைக்குள் நுழையும்வரை எனக்கே தெரியாது. நீளமான மேசை, ஐந்து தண்ணீர் டம்ளர். முப்பத்தெட்டு நிமிடம் பேசினேன். உன் வரைபடத்தைப் பலகையில் ஒட்டினேன். கேள்விகள் சுலபமாக இருந்தன. கருவியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்போ கக்குது போலிருக்கே. நான்தான் தப்பு பண்ணிட்டேன்மா" என்றார். ஒன்பது வருடமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அப்படியே நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

"வெற்று அளவு நூத்தி அஞ்சு சார்" என்றேன்.

அறையில் ஒருவர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. சோடாபுட்டி என்னையே பார்த்தார். "இத நாங்க யாரும் கேக்கலியேம்மா?"

"கேக்காததாலதான் சார் சொல்றேன்."

பிறகு ஜன்னல், போல்ட், வடிகட்டி எல்லாவற்றையும் பலகையில் வரைந்து சொன்னேன். பத்து நிமிடம் ஆயிற்று. நான் பேசியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன். வெளியே வரும்போது அவர், "சரியா அளந்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க" என்றார். மரியாதைக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நேற்றுத் தபால் வந்தது. வேலை வேறொருவருக்கு. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதே அழுது முடித்துவிட்டதால் நேற்று அழவில்லை. அத்தான் விடைத்தாள் கட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து கூட்டிப் போட்டுக் கொடுத்தார். ஜூலையிலிருந்து திரும்பவும் ஓம் விதி.

அன்றைக்கு அந்த அத்தியாயத்தை எடுக்க மாட்டேன் என்று வந்தவள், இந்தத் தடவை நானே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வருத்தம் இருக்கிறது. வெட்கம் போய்விட்டது.

உன் கருவியை உன்னிடம் இன்னும் எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? நான் எதுவும் கேட்கவில்லை. சும்மா விசாரிக்கிறேன்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இரண்டு பக்கமும் மெல்லுகிறேன். அத்தானுக்கும் வாலுவுக்கும் என் அன்பு.

தலைமை ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரைமணி நேரம் திட்டினார். பிறகு இன்னும் ஆறு வாரம் கொடுத்தார். பெரிய லேசருக்குப் புது விளக்கும் வந்துவிட்டது. பன்னிரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பம்ப்பு பக்கத்தில் நின்று எண்ணிச் சொல்ல, எதிரெதிராகக் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கினேன். "கல்யாணத்துக்கு நாள் பாக்குற மாதிரி இருக்குய்யா" என்றார். காலை நூறு என்கிற பழக்கத்தையே நிறுத்தியாகிவிட்டது. இப்போது வாயு உள்ளே போன பிறகுதான் நூறு. ஒவ்வொரு தடவையும்.

சின்ன ஒளி அந்தக் கோட்டில் அதிர்ந்தால், தொடக்கத்தில் 98.1. வடிகட்டியையும் சேர்த்துத் திருப்பிக் குறுக்கே அதிரவிட்டால் 95.8. தாமதிக்கத் தாமதிக்க இரண்டும் நெருங்கி 97.1-இல் ஒன்றாகிவிடுகின்றன. நெருங்குவதற்கு ஆகும் நேரம், ஜனவரியில் நீ அனுப்பிய கணக்கில் மூன்றாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறாயே, அதுவேதான். நானும் பம்ப்பும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பழைய எண்களை நூற்று ஐந்தால் வகுத்தாலும் இதே விடைதான் வருகிறது. கோளாறுக்கு அடியில் அது அப்போதே இருந்திருக்கிறது.

கக்கவில்லை அக்கா. அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் ஒரு பக்கம் குறைவாகத் தின்கிறது. நீ சொன்ன பக்கம். நீ சொன்ன நேரம்வரை.

இந்த அளவுகளின் அட்டவணையை இரண்டு பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றதை நீயே சோடாபுட்டிக்கு அனுப்பு. முதல் வரியை மட்டும் இங்கேயும் எழுதிவிடுகிறேன், நீ கேட்பதற்கு முன்னால்.

வாயு உள்ளே. பெரிய லேசர் இல்லை. சின்ன ஒளி மட்டும். பத்துத் தடவை எடுத்தேன். நூறு.

தம்பி